சேலம் பசங்களுக்கு எந்த நாட்டு ஆட்டம் பொருந்தும்?

இந்தக் கோடைக் கூடைப்பந்து முகாமில் எந்த நாட்டு மேட்சுகளைப் பசங்களுக்குப் போட்டுக் காட்டுவது, எந்த அணியைப் பார்த்துப் பயிற்சியை அமைப்பது என்று நமக்குள் பல நாளாக வாக்குவாதம் நடக்கிறது. மாஸ்டர் ஜெர்மனி என்கிறார். சீனியர் பசங்க அமெரிக்காவை விடுவதாக இல்லை. பெற்றோரில் விவரம் தெரிந்த இரண்டு பேர் ஜப்பான்தான் சரி, அவர்களும் நம்மைப் போல உயரம் குறைவுதானே என்கிறார்கள். என் ஓட்டு லாட்வியாவுக்கு. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது, அதனால் எழுதிவிடுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வாங்க.

நான் எடுத்துக்கொண்டது 2023 ஆண்கள் உலகக் கோப்பை. பிலிப்பைன்ஸ், ஜப்பான், இந்தோனேசியா மூன்று நாடுகளில் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 10 வரை 32 அணிகள் ஆடிய போட்டி. பசங்க போனில் பார்ப்பதெல்லாம் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. துணுக்குகள்தான், அதைப் பார்த்து நம்ம கோர்ட்டில் ஆடினால் எடுபடாது. அங்கே 48 நிமிஷம், நமக்கு 40. அங்கே த்ரீ கோடு (அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று பாயிண்ட்) நடுவில் 7.24 மீட்டர், நமக்கு 6.75. எல்லாவற்றையும்விட முக்கியம், அங்கே தடுப்பு ஆடுபவன் யாரையும் மார்க் பண்ணாமல் கீ-க்குள் (ரிங்குக்கு முன்னால் இருக்கும் கட்டம்) மூன்று வினாடிக்கு மேல் நிற்க முடியாது. நம்ம விதியில் அந்தத் தடை இல்லை, உயரமானவன் ஒருத்தன் ரிங்குக்கு அடியில் ஆட்டம் முழுக்கக் குடியிருக்கலாம். ஆகவே என்.பி.ஏ.வில் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரியும் டிரைவ், அதாவது பந்தோடு ரிங்கை நோக்கிப் பாய்வது, எல்லாம் இங்கே அந்த ஆள் கையில் போய் முட்டி நிற்கும். உலகக் கோப்பை நம்ம விதியில் நடக்கிறது, நம்ம பிரச்சினைகளுக்கு அங்கேதான் விடை தேட வேண்டும்.

முதலில் நம்ம நிலவரத்தைப் பார்ப்போம். ஆறடியைத் தாண்டியவன் ஒருத்தன்தான், அவனும் திடீரென்று வளர்ந்ததில் கால் இன்னும் பழகாமல் இருக்கிறான். மற்றவர்கள் ஐந்தரைக்கும் ஐந்தே முக்காலுக்கும் நடுவில். மே மாதம் சேலத்தில் விடிந்ததும் இறங்கினாலும் எட்டரைக்கு மேல் சிமெண்ட் தரையில் நிற்க முடியாது, சாயங்காலம் ஐந்துக்கு அப்புறம் மறுபடி வரலாம் என்றால் அம்மாபேட்டையிலிருந்தும் கொண்டலாம்பட்டியிலிருந்தும் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த நேரத்தில் டியூஷன். பிளஸ் டூ போகிறவன் ஜூன் பிறந்ததும் காணாமல் போய்விடுவான், அடுத்த வருஷம் வேறு முகங்கள். ஏற்காட்டில் ஒரு வாரம் முகாம் போடும் யோசனையும் இருக்கிறது, அது நல்லதுதான். 1,500 மீட்டர் உயரத்துக் குளிர்ச்சியில் பசங்க இங்கே ஓடுவதைவிட அதிக நேரம் ஓடுவார்கள். ஆனால் மேகம் இறங்கிவிட்டால் தரையும் பந்தும் ஈரமாகிவிடும், பந்தைச் சட்டையில் துடைத்துத் துடைத்துத்தான் பாஸ் கொடுக்க முடியும், தூரத்து ஷாட் பழக அது இடமில்லை. உயரம் இல்லை, நேரம் இல்லை, நிலையான அணியும் இல்லை. இந்த மூன்றையும் வைத்துத்தான் ஒவ்வொரு நாட்டையும் பார்க்கணும்.

அமெரிக்காவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஸ்டீவ் கெர் பயிற்சியில் 2023-ல் வந்த அணி நான்காம் இடம். லிதுவேனியாவிடம் 104-110, அரையிறுதியில் ஜெர்மனியிடம் 111-113, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் கனடாவிடம் கூடுதல் நேரத்தில் 118-127. தோற்ற மூன்றிலும் நூறுக்கு மேல் போட்டிருக்கிறார்கள், அதாவது பாயிண்ட் எடுப்பதில் குறை இல்லை, விட்டுக்கொடுப்பதில்தான் குறை. லிதுவேனியா ஆட்டத்தில் ரீபவுண்ட், அதாவது விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது, அவர்களுக்கு 43, அமெரிக்காவுக்கு 27 என்று போனது. அடுத்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்களே என்று தம்பிங்க கேட்பார்கள். வென்றார்கள். அரையிறுதியில் செர்பியாவிடம் கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது 13 பாயிண்ட் பின்னால் இருந்தார்கள், அன்றைக்கு ஸ்டீஃபன் கர்ரி 9 த்ரீ போட்டு 36 எடுத்ததால் 95-91 என்று தப்பினார்கள். இறுதி ஆட்டத்தில் பிரான்ஸுக்கு எதிராக இன்னும் 8 த்ரீ. அதைப் பார்த்து ரசிக்கலாம், கைதட்டலாம். அதில் நம்ம பசங்க நாளைக்குக் காலையில் வந்து செய்து பார்க்க ஒன்றுமில்லை.

கனடா உலகக் கோப்பையில் வென்ற முதல் பதக்கம் அந்த வெண்கலம்தான். டில்லன் புரூக்ஸ் 39, ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 31 பாயிண்டோடு 12 அசிஸ்ட் (பாயிண்டாக முடிந்த பாஸ்). ஆளை நம்பி ஆடுகிற ஆட்டம், அந்த ஆள் நம்மிடம் இல்லை. புரூக்ஸ் எதிராளி முன்னால் கால் போட்டு நிற்கும் விதத்தை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டலாம், அந்தப் போட்டியின் சிறந்த தடுப்பாளர் விருது அவருக்குத்தான் போனது.

லிதுவேனியாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவை வீழ்த்திய அன்று தொடக்கத்தில் எறிந்த ஒன்பது த்ரீயும் வரிசையாக உள்ளே போயின. எல்லாரும் அந்த மேட்சைத்தான் பேசுகிறார்கள். அதற்கு அடுத்த ஆட்டத்தில் செர்பியாவிடம் 68-87, கடைசியில் லாட்வியாவிடம் 63-98. ஒரு நாள் கை சூடாக இருந்ததை வைத்து முகாமைத் திட்டமிடக் கூடாது. ஆனால் பாக்ஸ் அவுட் (ரீபவுண்டுக்காக எதிராளியை முதுகால் மறிப்பது) பழக்க அந்த அமெரிக்க மேட்சைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஷாட் கிளம்பியதும் பந்தைப் பார்க்காமல் முதலில் ஆளைத் தேடி முதுகைக் கொடுக்கிறார்கள். நம்ம பசங்க அத்தனை பேரும் வாயைப் பிளந்து பந்தைத்தான் பார்க்கிறார்கள்.

செர்பியா எனக்கு மிகவும் பிடித்த அணி, மனசு அதற்குத்தான் போகிறது. அவர்களின் பெரிய நட்சத்திரம் யோகிச் வரவில்லை. தெற்கு சூடான் ஆட்டத்தில் முழங்கை பட்ட போரிஷா சிமானிச்சுக்கு ஒரு சிறுநீரகத்தையே எடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் துயரத்தோடு ஆடி, அரையிறுதியில் கனடாவை 95-86 என்று வென்று, இறுதியில் ஜெர்மனியிடம் 77-83 வரை வந்து வெள்ளி வாங்கினார்கள். போக்டான் போக்டானோவிச் ஆடியதைப் பசங்க பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆட்டம் உள்ளே மிலுடினோவ் மாதிரி ஏழடி ஆள் ஒருத்தர் நின்று, பந்தை வாங்கி, மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதைப் பெரிதும் நம்பியது. நம்ம ஆறடிக்காரத் தம்பியை அங்கே நிறுத்தினால் முதல் பாஸே தட்டிப் பறிக்கப்படும்.

சரி, மாஸ்டர் சொல்லும் ஜெர்மனிக்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் நிறைய இருக்கிறது. எட்டு ஆட்டம், எட்டும் வெற்றி, நாட்டுக்கு முதல் உலகக் கோப்பை. அதைக் கொண்டுவந்த பயிற்சியாளர் கோர்டன் ஹெர்பர்ட் ஒரு கனடாக்காரர். 2021-ல் பொறுப்பேற்றதும் அவர் செய்த முதல் வேலை, மூன்று கோடைக்கு வருகிறேன் என்று ஆட்டக்காரர்களிடம் வாக்குக் கேட்டதுதான். 2022 ஐரோப்பியக் கோப்பையில் வெண்கலம், 2023-ல் தங்கம், 2024 ஒலிம்பிக்கில் நான்காம் இடம். அந்த அடித்தளத்தில் 2025-ல் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றார்கள், ரீகாவில் நடந்த இறுதியில் துருக்கியை 88-83.

இதில் நான் பசங்களுக்குக் காட்ட விரும்புவது வென்ற ஆட்டங்களிலேயே மோசமான ஆட்டத்தை. காலிறுதியில் லாட்வியாவுக்கு எதிராக டென்னிஸ் ஷ்ரோடர் 26 ஷாட் எறிந்து 4 மட்டும் போட்டார். போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவரின் கணக்கு அது! அப்படியும் ஜெர்மனி 81-79 என்று ஜெயித்தது, ஏனென்றால் அவர் கை விட்ட நாளில் தாங்குவதற்கு மற்றவர்கள் இருந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே கணுக்கால் பிசகி வெளியே போன ஃப்ரான்ஸ் வாக்னர் அன்றைக்குத்தான் திரும்பி வந்தார். அரையிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக ஆண்ட்ரியாஸ் ஓப்ஸ்ட் 24. இறுதியில் மறுபடியும் ஷ்ரோடர், 28. ஒவ்வொருத்தருக்கும் தன் வேலை என்னவென்று தெரிந்திருந்தது.

ஆனால் மாஸ்டர், அந்த அணி எதில் நிற்கிறது என்று பாருங்க. தைஸ், வோய்க்ட்மான், தீமான், மோரிட்ஸ் வாக்னர் என்று உள்ளே மாற்றி மாற்றி இறக்க நான்கு பெரிய ஆட்கள். அதே ஆட்கள் வருஷா வருஷம். நமக்கு அடுத்த கோடையில் யார் வருவார் என்றே தெரியாது. ஒருத்தன் பாலிடெக்னிக், ஒருத்தன் நீட் கோச்சிங், ஒருத்தன் அப்பா கடைக்கு. ஹெர்பர்ட் கேட்ட வாக்கை நம்ம பசங்க கொடுத்தாலும் வீட்டில் காப்பாற்ற விட மாட்டார்கள். ஜெர்மனியிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது, முகாம் முதல் வாரத்திலேயே ஒவ்வொருத்தனுக்கும் உன் வேலை இது என்று சொல்லிவிடுவது. அதுவரை முழு மனசோடு ஒத்துக்கொள்கிறேன்.

ஜப்பான் என்றதும் எல்லாருக்கும் யூகி கவாமுரா ஞாபகம் வருகிறார், எனக்கும்தான். 172 சென்டிமீட்டர், நம்ம பசங்களோடு நிறுத்தினால் நடுவில் இருப்பார். 2023-ல் பின்லாந்துக்கு எதிராக 18 பாயிண்ட் வரை பின்தங்கி, கடைசிக் கால்பகுதியை 35-15 என்று எடுத்து 98-88 வென்றார்களே, அந்தப் பத்து நிமிஷத்தை நான் இப்போது பார்த்தாலும் உட்கார முடியாது. அவர் அன்றைக்கு 25 பாயிண்ட், 9 அசிஸ்ட். அடுத்த வருஷம் பாரிஸில் பிரான்ஸுக்கு எதிராக 29 எடுத்து, அவர்களைக் கூடுதல் நேரம் வரை இழுத்து, 90-94 என்று தோற்றார்கள்.

ஆனால் ஜப்பான் குள்ளமான அணி என்று சொல்கிறவர்கள் ஜோஷ் ஹாக்கின்சனைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் பிறந்து ஜப்பான் குடியுரிமை வாங்கியவர், 208 சென்டிமீட்டர். கேப் வெர்டியை 80-71 வென்று ஆசிய அணிகளில் முதலாவதாக ஒலிம்பிக் இடத்தைப் பிடித்த அந்த ஆட்டத்தில் 29 எடுத்தது அவர்தான். கவாமுரா வெளியே சுற்றிச் சுற்றி ஓட முடிந்ததற்கு உள்ளே அவர் நின்றதும் ஒரு காரணம். அதோடு அன்றைய பயிற்சியாளர் டாம் ஹோவாஸ் ஆடவைத்த ஆட்டம் த்ரீ மேல் நின்றது, த்ரீ போகாத நாளில் கையில் வேறு எதுவும் இருக்காது. அந்த அளவுக்கு ஷாட் விழ வேண்டுமானால் வருஷம் பூராவும் தினமும் நூற்றுக்கணக்கில் எறிந்து பழகியிருக்க வேண்டும், அதுவும் காற்று இல்லாத உள்ளரங்கில். சாயங்காலக் காற்று கிளம்பினால் நம்ம கோர்ட்டில் மூலையிலிருந்து எறிகிற பந்து போர்டைக்கூடத் தொடுவதில்லை.

இப்போது லாட்வியா. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

நாடு முழுக்கச் சேர்த்தாலும் மக்கள் தொகை 19 லட்சத்தைத் தாண்டாது. 2011 கணக்கெடுப்பில் நம்ம சேலம் மாவட்டமே கிட்டத்தட்ட 35 லட்சம். 1935-ல் நடந்த முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்றது அவர்கள்தான், டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்று பேர் ஆடும் கூடைப்பந்தில் தங்கமும் அவர்களுக்கே. ஆனால் உலகக் கோப்பைக்கு அவர்கள் வந்ததே 2023-ல்தான் முதல் தடவை. அதிலும் அவர்களின் மிகப் பெரிய பெயர், ஏழடிக்கும் மேல் இருக்கும் போர்ஜிங்கிஸ், பாதக் காயத்தால் வரவில்லை. நம்ம ஊரில் என்றால் முக்கியமான ஆள் இல்லை என்று சொல்லி டோர்னமெண்டிலிருந்தே பேரை எடுத்திருப்போம்.

அவர்கள் பிரான்ஸை 88-86 என்று வென்று வெளியே அனுப்பினார்கள். கனடாவிடம் 75-101 என்று அடி வாங்கினார்கள், பெரிய அடி. அடுத்த ஆட்டத்திலேயே எழுந்து வந்து நடப்புச் சாம்பியன் ஸ்பெயினை 74-69, அதன் பிறகு பிரேசிலை 104-84. காலிறுதியில்தான் அந்த ஜெர்மனி ஆட்டம், டாவிஸ் பெர்டான்ஸ் கடைசி வினாடியில் எறிந்த த்ரீ விழுந்திருந்தால் அந்த வருஷம் ஜெர்மனி சாம்பியனே இல்லை. அதோடு சோர்ந்து போகாமல் இத்தாலியை 87-82, லிதுவேனியாவை 98-63 என்று வென்று ஐந்தாம் இடம். அந்தக் கடைசி ஆட்டத்தில் ஆர்தர்ஸ் ஜாகர்ஸ் கொடுத்த அசிஸ்ட் 17, உலகக் கோப்பையில் ஒரே ஆட்டத்தில் யாரும் அதற்கு முன் அவ்வளவு கொடுத்ததில்லை. பயிற்சியாளர் லூகா பாங்கி, இத்தாலிக்காரர், போட்டியின் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்கு.

ஏன் இது நமக்கு என்றால், நம்ம பசங்களின் பெரிய வியாதி உயரம் இல்லாதது கிடையாது, பந்து கையில் இல்லாதபோது நிற்பது. கவனித்துப் பாருங்க: ஒருத்தன் டிரிபிள் பண்ணிக்கொண்டிருப்பான், மூலையில் இருப்பவன் இரண்டு கையையும் தட்டி பாஸ் பாஸ் என்று கத்துவான், மற்ற மூன்று பேர் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்ப்பார்கள். எதிரணியின் உயரமான ஆளுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும், அவன் ரிங்குக்கு அடியிலேயே நிற்கலாம். லாட்வியா ஆட்டத்தில் பந்தைக் கொடுத்தவன் கொடுத்த அடுத்த நொடியே கிளம்புகிறான். தடுப்பவன் பந்தைத் திரும்பிப் பார்த்தால் அவன் முதுகுப் பக்கமாக வெட்டி ரிங்குக்கு ஓடுகிறான். பந்து கிடைக்காவிட்டாலும் ஓடுகிறான், ஏனென்றால் அவன் ஓட்டத்துக்கு ஒரு ஆள் கூடவே போயாக வேண்டும், அவன் விட்ட இடத்தில் இன்னொருத்தன் சும்மா நின்று வாங்கிக்கொள்வான். ஷாட் எடுக்க இடம் இருந்தும், பக்கத்தில் இருப்பவனுக்கு அதைவிட நல்ல இடம் இருந்தால் இன்னொரு பாஸ் போகும்.

இதற்கு உயரம் தேவையில்லை, உள்ளரங்கம் தேவையில்லை. ஏற்காட்டு ஈரத் தரையிலும் இதை நடையிலிருந்து தொடங்கிப் பழக்கலாம், வேகத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். ரிங்குக்குப் பக்கத்தில் ஓடிவந்து போடும் லே-அப், காற்றடித்தாலும் லே-அப்தான். புதிதாக வருகிற பையனுக்கும் முதல் நாளே புரியும் விதி மூன்றுதான்: கொடுத்தால் ஓடு, உன்னைத் தடுப்பவன் தலை திரும்பினால் ரிங்குக்கு வெட்டு, பந்தைக் கையில் இரண்டு வினாடிக்கு மேல் வைக்காதே. இது பாங்கி எழுதி வைத்த விதி என்று யாரும் நினைக்க வேண்டாம், அந்த ஆட்டங்களைப் பார்த்து நம்ம பசங்களுக்காக நான் சுருக்கியது.

எதிர்வாதம் எனக்கும் தெரியும். லாட்வியாக்காரர்கள் ஒன்றும் குள்ளர்கள் இல்லை, பெர்டான்ஸ் 208 சென்டிமீட்டர். உண்மைதான், ஆனால் நான் எடுக்கச் சொல்வது அவர்களின் கால் வேலையையும் பாஸையும்தான், அதில் சென்டிமீட்டர் கணக்கே வராது. இன்னொன்று, 2025 ஐரோப்பியக் கோப்பையில் சொந்த மண்ணில் ஆடி, போர்ஜிங்கிஸும் இருந்து, கடைசிப் பதினாறில் லிதுவேனியாவிடம் 79-88 என்று வெளியே போனார்கள். ஆமாம், எல்லா வருஷமும் ஜெயிக்கிற அணி இல்லை. கோப்பையை எண்ணித் தேர்ந்தெடுப்பதென்றால் ஜெர்மனியோடு பேச்சு முடிந்தது. நான் பார்ப்பது, குறைந்த நேரத்தில் குறைந்த ஆட்களுக்கு எது ஏறும் என்பதை.

பெண்கள் அணிக்கு மட்டும் என் பதில் வேறு, இதில் ஜப்பான் கட்சிக்காரர்களோடு நான் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் ஆண்கள் அணியை விட்டுவிடுங்க, டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஜப்பான் பெண்கள் அணியைப் பாருங்க. அதே ஹோவாஸ் பயிற்சி, ஆனால் உள்ளே ஹாக்கின்சன் மாதிரி யாரும் கிடையாது. இருந்த ஒரே உயரமான ஆள், 193 சென்டிமீட்டர் டோகாஷிகி, காயத்தால் வரவே இல்லை. காலிறுதியில் பெல்ஜியத்தை 86-85, ஹயாஷி கடைசியில் போட்ட த்ரீயால். அரையிறுதியில் பிரான்ஸை 87-71, அதில் 162 சென்டிமீட்டர் ருயி மாச்சிதா 18 அசிஸ்ட், ஒலிம்பிக் சாதனை. இறுதியில் அமெரிக்காவிடம் 75-90. நம்ம பெண்கள் எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்றாக ஆடுகிறவர்கள், வருஷம் முழுக்க வருகிறார்கள், ஷாட்டுக்குச் செலவழிக்க அவர்களுக்கு நேரம் இருக்கிறது. பசங்களுக்கு நான் மறுத்ததை அவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன்.

ஆகவே என் யோசனை இது. பசங்களுக்கு முதல் வாரம் லாட்வியா–ஸ்பெயின் மேட்சை முழுசாகப் போடுவோம், பந்தைப் பார்க்கக் கூடாது, பந்து இல்லாத நான்கு பேரை மட்டும் பார்க்கணும் என்று சொல்லிப் போடுவோம். அடுத்து லாட்வியா–ஜெர்மனி, அதில் மாஸ்டரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பேசலாம். பாக்ஸ் அவுட்டுக்கு லிதுவேனியா–அமெரிக்காவிலிருந்து முதல் பாதி போதும். பெண்களுக்கு ஜப்பான்–பிரான்ஸ் அரையிறுதி. ஏற்காடு வாரத்தில் காலை வேளை முழுக்க வெட்டி ஓடுவதும் பாஸும் மட்டும், ஷாட் பயிற்சியை வெயில் வந்து தரை காய்ந்த பிறகு வைத்துக்கொள்வோம். முகாம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்குள் ஜெர்மனியா லாட்வியாவா என்று மாஸ்டர் சொல்லிவிட்டால், அதற்கேற்ப நேர அட்டவணையை நான் எழுதிக் கொடுத்துவிடுவேன்.